காயாரோகணம்: பாட்டனார் பெயரில் மறைந்திருந்த ஊர்

பேரன் என்னும் சொல் பெயரன் என்பதன் மரூஉ. பாட்டனின் பெயரைத் தாங்கி நிற்பவன் ஆதலின் அவன் பெயரன் ஆயினான். ஒரு குடியின் பெயர் ஒரு தலைமுறை விட்டு மறு தலைமுறையில் மீண்டும் தோன்றுவதைத் தமிழர் ஓர் ஒழுங்காகவே போற்றி வந்தனர் என்பதற்கு இச்சொல் ஒன்றே சான்று. அத்தகைய மரபில் வந்தோர், தம் பாட்டனாரின் தந்தை பெயரைக் காகிதத்தில் கண்டும் அதனைப் படிக்க இயலாமல் திகைக்கும் நிலை இன்று மலேசியாவில் அரிதன்று.

செராஸ் வட்டாரம் கோலாலம்பூர்க் கூட்டரசுப் பிரதேசத்திலும் சிலாங்கூரின் உலு லங்காட் மாவட்டத்திலுமாகப் பரந்து கிடப்பது. அங்குள்ள வீடமைப்புப் பகுதிகளிலும் அடுக்குமாடிகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல, ஒரு காலத்தில் தோட்டத்து லயங்களிலிருந்து பெயர்ந்து வந்தவை. அவற்றுள் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பழைய தகரப் பெட்டியில் தாத்தாவின் பிறப்புப் பத்திரம் இருக்கிறது. அதில் தந்தை பெயர் எழுதிய இடத்தில் ஆங்கில எழுத்துக்களில் நீண்ட பெயர் ஒன்று. ஒருவர் அதைக் ‘கயரோகனம்’ என்று படிக்கிறார். மற்றொரு பத்திரத்தில் அதுவே ‘காயரோஹணம்’ என்று படிக்கும்படி இருக்கிறது. மூன்றாவதில் முதலெழுத்தே வேறு.

வீட்டார் கூடி ஆராய்கின்றனர். மலாய் மொழியில் ‘காயா’ என்றால் செல்வமுடைய என்று பொருள்; ஆகவே இது தோட்டத்தில் இட்ட பட்டப்பெயர் என்கிறார் ஒருவர். காயாம்பு என்ற பெயரைத்தான் கிராணி தவறாக எழுதிவிட்டார் என்கிறார் மற்றொருவர். ராகவன் என்பதே சரி, மற்றவை எழுத்துப் பிழை என்று மூன்றாமவர் முடிவு கட்டுகிறார். குடும்ப மரம் வரைந்து சட்டமிட்டு மாட்ட விரும்பும் இளைஞர், ‘ராகவன்’ என்றே எழுதிவிட முனைகிறார். அவ்வாறு எழுதியிருப்பின், தம் பூர்விக ஊருக்கு எஞ்சியிருந்த ஒரே வழியையும் அக்குடும்பம் தன் கையாலேயே அடைத்திருக்கும். அந்தப் பெயரில் பிழை இல்லை. அது காயாரோகணம்.

எழுத்திலிருந்து ஒலிக்கு

பழைய பத்திரங்களில் உள்ள பெயரை ஆராய்வோர் முதலில் செய்ய வேண்டுவது, அதனை ஆங்கில எழுத்தினின்றும் தமிழ் ஒலிக்கு மீட்பதாகும். ஆங்கில எழுத்தில் குறிலும் நெடிலும் பெரும்பாலும் ஒன்றாகிவிடும். ரகரமும் றகரமும் ஒன்றாகும். ணகரமும் னகரமும் ஒன்றாகும். ழகரத்துக்கோ நிலையான எழுத்தே இல்லை. ஆகவே, எழுதியிருப்பதை அப்படியே உச்சரிப்பவர் பெரும்பாலும் தவறான பெயரையே உச்சரிப்பார்.

ககரத்தின் நிலை இன்னும் சிக்கலானது. சொல்லின் முதலில் வரும் ககரத்தை ஆங்கில ‘கே’ எழுத்தாலும் எழுதினர். ‘சி’ எழுத்தாலும் எழுதினர். கல்கத்தா, கோயமுத்தூர், காவேரி முதலியவற்றை ஆங்கிலேயர் நெடுங்காலம் ‘சி’ எழுத்திலேயே தொடங்கி எழுதி வந்தமை யாவரும் அறிந்தது. எனவே பெயர்ப் பட்டியலில் ‘கே’ வரிசையை மட்டும் தேடுபவர் தம் முன்னோரைத் தவறவிடுவார். சொல்லின் இடையில் வரும் ககரமோ தமிழர் நாவில் மென்மையாகவே ஒலிக்கும். வடமொழியில் ஹகரம் உள்ள சொல் தமிழில் ககரம் பெற்று வழங்கும். எழுதியவர் செவிக்கேற்ப அது ஓரிடத்தில் ககரமாகவும் வேறோரிடத்தில் ஹகரமாகவும் பதிவாகும். ‘ரோகணம்’, ‘ரோஹணம்’ என்ற இரண்டும் ஒரே பெயரின் இரு பதிவுகளே. இரு மனிதர்கள் அல்லர்.

எழுதியவர் யார் என்பதும் நோக்கத்தக்கது. துறைமுகத்தில் எழுதியவர் ஒருவர். தோட்டத்தில் செக்ரோலில் எழுதியவர் மற்றொருவர். மலாயாத் தோட்டங்களில் கிராணிகளாக இருந்தவர்களில் மலையாளிகளும் யாழ்ப்பாணத் தமிழரும் மிகுதி. ஒரே பெயர் ஒவ்வொருவர் செவியிலும் ஒவ்வொரு விதமாக விழுந்தது. பெயருக்குரியவரோ பெரும்பாலும் ஆங்கில எழுத்து அறியாதவர். எழுதியதைப் படித்துப் பார்த்துத் திருத்த இயலாதவர்.

இது மலாயாவில் மட்டும் நேர்ந்ததன்று. பிரெஞ்சுக்காரர் ஆண்ட ரெயூனியன் தீவுக்குச் சென்ற தமிழரின் பெயர்கள் பிரெஞ்சு எழுத்துமுறையில் பதிவாகி, கணபதி என்பது ‘கனபாடி’ என்று படிக்கும்படி ஆயிற்று. அங்கெல்லாம் அவை குடும்பப் பெயர்களாகவே நிலைபெற்றுவிட்டன. மலேசியத் தமிழரிடையே அவ்வாறு நிலைத்த குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரே மகன் பெயருக்குப் பின்னோ முன்னோ வருகிறது. ஆகவே ஒரு பத்திரத்தில் இரண்டு தலைமுறைப் பெயர்களே இருக்கும். ‘அனாக் லெலாக்கி’ என்று மகனுக்கும் ‘அனாக் பெரம்புவான்’ என்று மகளுக்கும் இடப்படும் குறிப்பு தந்தையோடு நின்றுவிடும். பாட்டனார் பெயர் வேண்டுமாயின் தந்தையின் பத்திரத்தைத் தேட வேண்டும். ஒரு பத்திரம் தொலைந்தால் சங்கிலியே அறுந்துவிடும்.

ஒலியிலிருந்து பொருளுக்கு

காயம் என்பது உடல். ஆரோகணம் என்பது ஏறுதல். இசை பயின்றோர் ஆரோகணம், அவரோகணம் என்பவற்றை நன்கு அறிவர். ஸ்வரங்கள் ஏறுமுகமாகச் செல்வது முன்னது, இறங்குமுகமாக வருவது பின்னது. காயம், ஆரோகணம் என்ற இரண்டும் சேர்ந்து காயாரோகணம் ஆயிற்று. உடலோடு மேலேறுதல், உடலோடு இறைவனை அடைதல் என்பது அதன் பொருளாகக் கொள்ளப்படுகிறது.

நாகப்பட்டினத்துச் சிவன் கோயிலில் எழுந்தருளியுள்ள இறைவன் பெயர் காயாரோகணசுவாமி, அம்மை நீலாயதாட்சி. புண்டரீக முனிவர் இத்தலத்தில் உடம்போடு இறைவனை அடைந்தார் என்று தலபுராணம் கூறும். தேவாரத்தில் இத்தலம் நாகைக் காரோணம் எனப்படுகிறது. காயாரோகணம் என்ற நெடும்பெயர் மக்கள் நாவில் தேய்ந்து காரோணம் ஆயிற்று. சம்பந்தர், அப்பர், சுந்தரர் ஆகிய மூவரும் இத்தலத்தைப் பாடியுள்ளனர். அறுபத்துமூவருள் மீனவர் குலத்தவரான அதிபத்த நாயனார் இந்நகரைச் சேர்ந்தவர். 19ஆம் நூற்றாண்டில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை திருநாகைக் காரோணப் புராணத்தை இயற்றினார்.

காரோணம் என்னும் பெயர் நாகைக்கு மட்டும் உரியதன்று. குடந்தைக் காரோணம் சம்பந்தர் பாடல் பெற்றது. காஞ்சியிலும் ஒரு காரோணம் உண்டு. குஜராத்தில் கார்வான் என்ற ஊர் முன்னாளில் காயாவரோகணம் எனப்பட்டது. பாசுபத சைவத்தின் ஆசிரியரான லகுலீசரோடு தொடர்புடைய தலம் அது. அங்கே வருவது அவரோகணம். அதாவது இறைவன் உடலெடுத்து இறங்கி வருதல். தமிழகத்துக் காரோணங்கள் அந்தப் பாசுபத மரபின் தொடர்பால் பெயர் பெற்றவை என்று ஆராய்ச்சியாளர் கருதுவர். இறங்குதலைக் குறித்த பெயர் தமிழகத்தில் ஏறுதலைக் குறிப்பதாக விளக்கம் பெற்றமை சுவையான செய்தி.

இப்பொழுது செராஸ் வீட்டில் எழுந்த மூன்று ஊகங்களையும் சீர்தூக்கலாம். காயாம்பு என்பதும் உண்மையான தமிழ்ப் பெயரே. காயாம்பூவின் நிறமுடையவன் என்ற வகையில் அது திருமாலைக் குறிப்பது. ஆனால் அப்பெயரில் ‘ரோகணம்’ என்ற பகுதிக்கு இடமில்லை. ராகவன் என்று கொண்டால் முன்னுள்ள ‘காயா’ நிற்காது. மலாய்ப் பட்டப்பெயர் என்றாலும் பின்னுள்ள பகுதி விளங்காது. காயாரோகணம் ஒன்றே மூன்று பத்திரங்களிலும் உள்ள எல்லா எழுத்துக்கும் கணக்குச் சொல்கிறது. ஒரு விளக்கம் சில எழுத்துக்களைப் பிழை என்று தள்ளிவிட்டே நிற்குமாயின் அதனை ஐயுறுக. எல்லா எழுத்தையும் தழுவி நிற்பதே ஏற்புடையது.

பொருளிலிருந்து ஊருக்கு

தமிழர் தம் ஊர்க் கோயில் இறைவன் பெயரைப் பிள்ளைகளுக்கு இடுவது பெருவழக்கு. தாயுமானவன் என்றால் திருச்சிராப்பள்ளி நினைவுக்கு வரும். சட்டநாதன் என்றால் சீகாழி. ஐயாறப்பன் என்றால் திருவையாறு. சௌரிராஜன் என்றால் திருக்கண்ணபுரம். நெல்லையப்பன் என்றால் திருநெல்வேலி. குற்றாலிங்கம் என்றால் குற்றாலம். பெயரே முகவரியாக அமைந்த காலம் அது.

எனினும் எல்லாப் பெயரும் ஒரே அளவில் வழிகாட்டுவதில்லை. சிதம்பரம், அண்ணாமலை, பழனி, வேங்கடாசலம் போன்றவை தமிழகமெங்கும் பரவிவிட்டன. ஒருவர் பெயர் சிதம்பரம் என்பதால் அவர் தில்லையைச் சேர்ந்தவர் என்று கூற இயலாது. அருகிய பெயரோ அவ்வாறன்று. அது எவ்வளவு குறுகிய வட்டாரத்தில் வழங்குகிறதோ அவ்வளவு துல்லியமாக ஊரைச் சுட்டும். வினோதமான பெயர் ஆராய்ச்சிக்கு இடையூறு என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அதுவே பெருந்துணை. முத்துசாமி என்ற பெயரை வைத்துக்கொண்டு தேடுபவருக்கு ஆயிரம் முத்துசாமிகள் கிடைப்பர். காயாரோகணத்தைத் தேடுபவருக்குக் கிடைப்போர் மிகச் சிலரே.

இங்கு மற்றொரு நுட்பமும் உண்டு. “எங்கள் முன்னோர் நாகப்பட்டினத்திலிருந்து வந்தனர்” என்பது மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் கூற்று. இதனைக் கொண்டு அவர்கள் நாகையைச் சேர்ந்தவர் என்று முடிவு செய்தல் கூடாது. நாகப்பட்டினம் கப்பலேறிய துறை. தஞ்சை, திருச்சி, சேலம் முதலிய பல மாவட்டத்தாரும் அங்கே வந்து கப்பலேறினர். 1907இல் இந்தியக் குடியேற்ற நிதி அமைந்தபின் தொழிலாளரைத் திரட்டி அனுப்பிய இடங்களில் நாகையும் ஒன்று. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் மலாயாவில் ஒழிந்தது. கங்காணிமார் ஆள் கொண்டுவருவது 1938இல் இந்திய அரசு விதித்த தடையால் நின்றது. அதன்பின்னும் தம் செலவில் பயணம் செய்வோர் கப்பலேறியே வந்தனர். 1926இல் ஓடத் தொடங்கிய ரஜூலா கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் இக்கரைக்கும் அக்கரைக்கும் பயணிகளை ஏற்றியது. இறங்கிய துறைகள் பினாங்கும் போர்ட் சுவெட்டன்ஹாமும். பின்னது 1972இல் போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாற்றம் பெற்றது.

ஆகவே குடும்பத்தார் வாய்மொழியில் வரும் நாகப்பட்டினம் வெறும் துறைமுக நினைவாக இருக்கலாம். ஆனால் வாய்மொழியும் நாகை என்று கூறி, மூதாதையர் பெயரும் காயாரோகணம் என்று அமைந்தால், நாகை அவர்களுக்குத் துறை மட்டுமன்று, ஊரும் ஆகலாம் என்ற ஊகம் வலுப்பெறும். அக்குடும்பத்துப் பெண்மக்களுள் ஒருவருக்கு நீலாயதாட்சி என்றோ, அதன் சுருக்கமாக நீலா என்றோ பெயர் இருந்ததாகத் தெரியவருமாயின் அவ்வூகம் மேலும் உறுதிப்படும்.

கோலாலம்பூர் அறிந்த ஒரு காயாரோகணம்

இப்பெயர் கோலாலம்பூருக்குப் புதியதன்று. நகரின் மகாமாரியம்மன் கோயில் 1873இல் தோன்றக் காரணராயிருந்தவர் தம்புசாமி பிள்ளை. 1850இல் சிங்கப்பூரில் பிறந்து, ராபிள்ஸ் கல்வி நிலையத்தில் பயின்று, வழக்கறிஞர் டேவிட்சனிடம் எழுத்தராகப் பணியாற்றியவர். டேவிட்சன் 1875இல் சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக வந்தபோது அவருடன் தம்புசாமி பிள்ளையும் வந்தார். ஈயச் சுரங்கத் தொழிலில் லோக் இயூவுடன் கூட்டுச் சேர்ந்தார். பத்துமலையில் முருகன் வழிபாடு 1891இல் தொடங்கியதும் மறுஆண்டு முதல் தைப்பூசம் நடைபெற்றதும் அவர் முயற்சியால் என்பது நாடறிந்த வரலாறு. 1893இல் தோன்றிய விக்டோரியா கல்வி நிலையத்தின் அறங்காவலருள் அவரும் ஒருவர். 1902இல் மறைந்தார். கோலாலம்பூரில் அவர் பெயரால் இன்றும் ஒரு தெரு உண்டு.

ஆங்கில ஏடுகளில் அவர் பெயருக்கு முன் ‘கே’ என்ற ஒற்றையெழுத்தே காணப்படும். அவ்வெழுத்தின் விரிவு காயாரோகணம். ஆயிரக்கணக்கானோர் ஆண்டுதோறும் பத்துமலைப் படியேறுகின்றனர். அவ்வழிபாட்டுக்கு வித்திட்டவரின் பெயரில் நாகைத் திருத்தலத்தின் பெயர் அடங்கியிருப்பதைச் சிலரே அறிவர். அக்குடும்பத்தின் மூலம் நாகை வட்டாரமாதல் கூடும் என்று கருதப் பெயர் இடந்தருகிறது. பெயர் ஒன்றையே கொண்டு அதனை முடிந்த முடிபாகக் கூறுதல் மட்டும் முறையன்று.

அந்த ஒற்றை எழுத்து மற்றொரு பாடத்தையும் புகட்டுகிறது. ஆங்கிலத்தில் ‘கே’ என்று எழுதினால் அது கந்தசாமியாகலாம், காளிமுத்தாகலாம், கிருஷ்ணனாகலாம், குப்புசாமியாகலாம், கோவிந்தனாகலாம். தமிழில் ‘கா.’ என்று எழுதினால் உயிரெழுத்தும் உடன் நிற்பதால் கந்தசாமியும் கிருஷ்ணனும் உடனே விலகுவர். தமிழ் முதலெழுத்து, தேட வேண்டிய பெயர்களின் தொகையை வெகுவாகக் குறைத்துவிடுகிறது. மொழிப்பற்று ஒருபுறமிருக்க, தமிழில் தலைப்பெழுத்து இடுவதால் விளையும் நடைமுறைப் பயன் இது.

கடாரமும் காரோணமும்

நாகைக் காரோணத்துக்கும் மலாய்த் தீபகற்பத்துக்கும் உள்ள தொடர்பு கப்பல் கூலிகளோடு தொடங்கியதன்று. முதலாம் இராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளியை எழுப்பினான். ஆனைமங்கலம் என்ற ஊர் அதற்குக் கொடையாக அளிக்கப்பட்டது. முதலாம் இராஜேந்திரன் ஆட்சியின் முற்பகுதியைச் சேர்ந்த கல்வெட்டுகள் காயாரோகணசுவாமி கோயிலிலேயே உள்ளன. ஸ்ரீவிஜய அரசனும் கடாரத்து அரசனும் தம் முகவர் வழியாகக் காரோணமுடையார்க்கு அளித்த கொடைகளை அவை குறிப்பிடுகின்றன. சீனக் கனகம் என்று சீனத்துப் பொன்னும் அவற்றில் பேசப்படுகிறது. கடாரம் என்பது இன்றைய கெடா. 1025இல் இராஜேந்திரனின் கடற்படை அதே கடாரத்தைத் தாக்கியது பின்னர் நிகழ்ந்தது.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்நாட்டுக் கரையிலிருந்து பொன் சென்று சேர்ந்த கோயிலின் பெயர், பிற்காலத்தில் கடல் கடந்து வந்த தமிழர் ஒருவரின் பெயராக இந்நாட்டுப் பத்திரங்களில் ஏறியது. அதனையே ‘எழுத்துப் பிழை’ என்று திருத்த முனைவது எத்தகைய இழப்பு என்பது இப்போது விளங்கும்.

பெயர் ஏன் மறந்தது

குடும்பத்தாரே பாட்டனார் பெயரை ஏன் மறந்தனர் என்ற வினா எழலாம். அதற்கு விடை பழக்கவழக்கத்திலேயே உள்ளது. மாமனார் பெயரையும் கணவர் பெயரையும் பெண்கள் வாயால் சொல்லாத வழக்கம் தமிழ்க் குடும்பங்களில் நெடுங்காலம் இருந்தது. பேரனுக்குப் பாட்டன் பெயரை இட்டாலும் தாய் அப்பெயர் சொல்லி அழைக்க மாட்டாள். வீட்டில் அழைக்க வேறு பெயர் தேவைப்பட்டது. காலப்போக்கில் அழைக்கும் பெயர் நிலைத்து, இட்ட பெயர் பத்திரத்தோடு நின்றுவிட்டது. ஒரே ஆள் இரு பெயருடன் திகழ்வதைக் கண்டு இருவர் என்று மயங்குவோர் உண்டு. ஆகவே பாட்டிமாரிடம் கேட்கும்போது, “அவர் பெயர் என்ன?” என்பதோடு நில்லாமல், “அவரை எப்படி அழைப்பார்கள்?” என்றும் கேட்க வேண்டும்.

நீத்தார் கடனில் தந்தை, பாட்டன், முப்பாட்டன் என மூன்று தலைமுறைப் பெயர்களைக் கூறும் மரபு சில குடும்பங்களில் உண்டு. பத்திரம் தவறவிட்டதைச் சில வேளை அந்த வாய்மொழி காத்து வைத்திருக்கும். செராஸ் சாலைக் கல்லறைகள் முதலிய பழைய இடுகாடுகளில் கல்லில் வெட்டிய பெயர்கள், கோயில் நன்கொடைப் பட்டியல்கள், தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள், ஊரிலிருந்து வந்த கடிதங்களின் உறைகள், 1924 முதல் 2019 வரை வெளிவந்த தமிழ் நேசன் போன்ற நாளேடுகளின் மரண அறிவிப்புகள் ஆகியவை தேடத்தக்கவை. இவற்றுள் தமிழெழுத்தில் உள்ள ஒரு வரி, ஆங்கில எழுத்தில் உள்ள பத்துப் பத்திரங்களுக்கு ஈடாகும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு லயங்கள் இடிக்கப்பட்டபோது இத்தகைய ஏடுகள் பல குப்பையோடு சென்றன. எஞ்சியவற்றைப் பேணுவது இன்றைய கடமை.

தமிழாசிரியர்கள் இதில் செய்யக்கூடிய பணி எளியது. மாணவர் ஒவ்வொருவரும் தம் பெயர், தந்தை பெயர், பாட்டனார் பாட்டியார் பெயர், அவர்களைப் பெற்றோர் பெயர் ஆகியவற்றை வீட்டு முதியோரிடம் கேட்டுத் தமிழில் எழுதி வருமாறு ஒரு பயிற்சி கொடுக்கலாம். புரியாத பெயர் வந்தால் அதனைத் திருத்தாமல், கேட்ட ஒலியை அப்படியே எழுதச் செய்ய வேண்டும். அதன் பொருளையும் தலத்தையும் தேடுவது பின்னர் நிகழும் வேலை. ஒலி போய்விட்டால் தேடுவதற்கே ஒன்றும் இராது.

செராஸ் வீட்டில் பிறக்கும் குழந்தைக்குக் காயாரோகணம் என்று பெயரிட வேண்டும் என்பதில்லை. குடும்ப மரத்தின் உச்சியில் உள்ள அப்பெயரைப் பிழையறப் படிக்கவும், “இது நாகப்பட்டினத்துச் சாமி பெயர்” என்று சொல்லவும் அக்குழந்தைக்குத் தெரிந்தால் போதும். பெயரைத் தாங்காவிடினும் அவன் பெயரனே.